குழல்வாய்மொழி ஆற்றில் விட்டது

அவித்த கொண்டைக்கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிதுக்கினால் பருப்பு தனியாகவும் தோல் தனியாகவும் வந்துவிடும். குழல்வாய்மொழி இரண்டு படி கடலையை அப்படிப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். பருப்பு தாம்பாளத்தில் விழுந்தது, தோல் முறத்தில் விழுந்தது. கையைப் பார்க்காமலே பேசினாள்.

"இத்தன கடலைக்கும் சட்டையக் கழத்தணுமாம். திங்கவங்க கூட உக்காந்து கழத்துனா என்னட்டி? தேஞ்சா போவாங்க?"

"நீ பிதுக்குனாத்தான் ருசியா இருக்காம்," என்றேன்.

"ஆமா, என் விரல்ல சீனி வடியுது." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "இந்த வருசம் தொரசாணி அழமாட்டாங்க. நீ பாரேன்."

நான் சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பிரயோசனம் இல்லை. காரியம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அது 1958, கார்த்திகை மாதக் கடைசி, ஒரு வெள்ளிக்கிழமை. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு பங்களாவில் நான் நர்ஸாக இருந்தேன். மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் படித்துச் சர்டிபிகேட் வாங்கியவள். வயது இருபத்தொன்பது. நான் பார்த்துக்கொண்ட நோயாளி தக்கூகி அம்மாள், எழுபத்துநாலு வயது, இரைப்பு நோய். இந்த ஈரக்காற்று இரைப்புக்கு நல்லது என்று யாரோ டாக்டர் சொல்லி மெட்ராஸிலிருந்து வந்து தங்கிவிட்டார். அந்த டாக்டரை நான் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். தக்கூகி அம்மாள் ஆர்மீனிய இனம். வெள்ளைக்காரர் வேறு, நாங்கள் வேறு என்று எத்தனையோ முறை சொல்லியும் ஊரில் எல்லோரும் துரைசாணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

குழல்வாய்மொழிக்கு அப்போது நாற்பது இருக்கும். தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் பிறந்தவள். பதினாறு வயதில் சுடலைக்கண்ணுவைக் கட்டிக்கொண்டாள். அவர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். நாற்பத்திரண்டில் தந்தி வந்தது. தந்தியைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் நாலு வருடம் சோறு தின்றுவிட்டு, பங்களாவுக்குத் தண்ணீர் சுமக்க வந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. ஆர்மீனியச் சமையல் முழுவதும் கைவந்திருந்தது. படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க நான் படித்துக் கற்றுக்கொண்டேன், அவள் படிக்காமலே தன் பாட்டுக்குச் செய்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் எழுதுகிறேன்.

துரைசாணியின் அலமாரியில் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளிப் பெட்டி இருந்தது. கறுத்துப்போன வெள்ளி, மூடியைச் சுற்றி அரக்கு. உள்ளே சிவப்புப் பட்டில் ஓர் எலும்புத் துண்டு, சுண்டுவிரலின் நுனிக்கணு அளவு. ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த ஹாகோப் என்ற முனிவருடையது என்றார்கள். பாரசீகத்திலிருந்து மெட்ராஸுக்கு வந்த முன்னோர்கள் அதையும் கொண்டுவந்தார்களாம். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஆறாம் தேதி. அதற்கு முன் ஐம்பது நாள் காத்திருப்புக் காலம். அதற்கு நடுவில் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அந்த முனிவரின் திருநாள். முந்தின ஐந்து நாளும் கறி, முட்டை, பால் கிடையாது. கடலையும் எள்ளும்தான். துரைசாணியால் பயணம் செய்ய முடியாது என்பதால் மெட்ராஸிலிருந்து ஆறு பேரும் ஒரு பாதிரியாரும் கொல்லம் மெயிலில் தென்காசிக்கு வந்து இறங்குவார்கள். பாதிரியார் அரக்கை உடைத்துப் பெட்டியைத் திறப்பார். ஒவ்வொருவராக எலும்பை முத்தமிடுவார்கள். துரைசாணி முத்தமிட்டு அழுவார். பிறகு மறுபடியும் அரக்கு வைப்பார்கள். அந்த வருடம் பாதிரியாருக்கும் உடம்பு சரியில்லை, அடுத்த வருடம் வரமாட்டேன் என்று எழுதியிருந்தார். கடைசித் தடவை என்று துரைசாணி ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

துரைசாணி இதையெல்லாம் எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார். குழல்வாய்மொழி என்னிடம் கேட்டபோது நான் விளக்கவில்லை.

"வருசா வருசம் முத்தம் குடுக்காங்களே, அந்தப் பொட்டியில என்னதாம்ட்டி இருக்கு?"

"எலும்பு. அவங்க ஆள் ஒருத்தரோடது. கரைக்காமலே வச்சிருக்காங்க."

"கரைக்காமலா? ஆவி அலையும்லா?"

எனக்கு அன்று ஏதோ எரிச்சல். துரைசாணி முதல்நாள் இரவு மூச்சுத் திணறியபோது என்னைக் கூப்பிடாமல் அவளைக் கூப்பிட்டிருந்தார். "அலையத்தான் செய்யும். பெறகு தொரசாணிக்கு ராத்திரி ராத்திரி எதுக்கு மூச்சு முட்டுதுன்னு நெனச்சே?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை அமாவாசை.

சனிக்கிழமை காலை கூடத்தில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மெழுகுவத்தி ஏற்றினார்கள். பாதிரியார் கறுப்பு அங்கியும் கூம்பு வடிவ முக்காடும் போட்டிருந்தார். நீளமான பாட்டு. நானும் குழல்வாய்மொழியும் வழக்கம்போல் அடுக்களை வாசலில் நின்றோம். துரைசாணி பிரம்பு நாற்காலியில் இருந்தார், தலைக்கு லேஸ் துணி. பாதிரியார் பெட்டியைக் கையில் எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டார். அரக்கு இல்லை. புளி போட்டுத் தேய்த்த வெள்ளி, கடையிலிருந்து நேராக வந்ததுபோல் பளபளத்தது. மூடியைத் திறந்தார். பட்டுத் துணியை அலசிக் காயவைத்து நாலாக மடித்து வைத்திருந்தது. விரித்தார். ஒன்றும் இல்லை.

துரைசாணியின் மருமகன் முறையான கச்சிக் என்பவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "வண்டிக்காரன்! பெட்டி படுக்கையெல்லாம் உள்ளே கொண்டுவந்து வச்சது அவன்தான். போலீஸுக்கு ஆள் அனுப்புங்க."

அகமது கபீரைச் சொன்னார். தென்காசி ரயிலடியில் குதிரை வண்டி வைத்திருந்தவர்.

"கபீரு அண்ணாச்சிய எதுக்கு இழுக்கிய?" என்று குழல்வாய்மொழி கூடத்துக்குள் போனாள். "அவரு முன்வாசலத் தாண்டி வந்தவரே இல்ல. நான்லா எடுத்தேன்."

நேராகப் போய்த் துரைசாணியின் காலடியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. நல்ல செய்தி கொண்டுவந்தவள் முகம்.

"தாயி, அமாவாசைக்கு ஆத்துல கரைச்சிட்டேன். எள்ளு போட்டு, மூணு வாட்டி தண்ணி விட்டு, மொறையாத்தான் செஞ்சேன். பொம்பள செய்யப்படாது, தெரியும். எங்க வீட்டு ஆளுக்குக் கரைக்க ஒரு எலும்புகூட வரல, ஒங்களுக்கு எலும்பு இருந்தும் கரைக்க ஆளு இல்ல. இனிமே பெரியவரு அலைய மாட்டாரு. ஒங்களுக்கும் மூச்சு முட்டாது."

துரைசாணி மெட்ராஸில் வேலைக்காரர்களோடு பேசிப் பழகிய தமிழ்தான் பேசுவார். மெதுவாகச் சொன்னார்: "கொயலு, அது எங்க ஊட்டு ஆளு இல்லடி. அது சாமிடி."

வந்தவர்களில் ஒரு கிழவி சத்தமாக அழத் தொடங்கினாள். குழல்வாய்மொழி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அவள் முகம் மாறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பாதிரியார் ஏதோ கேட்டார். கச்சிக் தமிழில் கேட்டார்: "எலும்பால மூச்சு முட்டுதுன்னு உனக்கு யார் சொன்னா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நான் பேசுவேன் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான். எனக்கு வாய் வரவில்லை என்று எழுதினால் பொய். வாய் வந்தது, மூடிக்கொண்டேன். ஒரு நர்ஸ் இப்படிச் சொன்னாள் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினால் என் சர்டிபிகேட் என்ன ஆகும் என்று யோசித்தேன். மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒருத்தரும் சொல்லல," என்றாள் அவள். "நானா நெனச்சிக்கிட்டேன். படிக்காத கழுத."

இனி அவள் இந்த வீட்டில் நிற்கக்கூடாது என்றார் கச்சிக். துரைசாணி கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு வருடம் இருந்த வீட்டிலிருந்து குழல்வாய்மொழி ஒரு மாற்றுச் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். சாவிக்கொத்தை என் கையில் வைத்தாள்.

"மாத்திர மட்டும் பத்தாது. முதுகுக்குச் சூடா ஒத்தடம் குடு. மறந்துராத."

அவ்வளவுதான் சொன்னாள். மழைத் தூறலில் நடந்தே போனாள். துரைசாணி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. மூச்சு என்றைக்கும்போலத்தான் முட்டியது.

மறுநாள் காலை துரைசாணிக்கு முதுகைத் துடைத்துவிடும்போது சொன்னேன். முதுகுப் பக்கம் நின்றதால் சொல்ல முடிந்தது.

"அந்த எலும்பாலதான் உங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு அவகிட்ட நான்தாம்மா சொன்னேன். விளையாட்டுக்கு."

துணியைப் பிழிந்துவிட்டு மறுபடியும் துடைத்தேன்.

"நீ நர்ஸு," என்றார்.

"ஆமாம்மா."

"நர்ஸு சொன்னா அவ நம்பாம இன்னா செய்வா?" சட்டையை மாட்டிவிட்டேன். "போ. அவங்க எல்லார் கையிலயும் போய்ச் சொல்லு. அப்பால போயி அவள இட்டுனு வா. எங்க உட்டான்னு அவளுக்குத்தானே தெரியும்?"

காலைச் சாப்பாட்டு மேஜைக்குப் போய் ஏழு பேர் முன்னாலும் நின்று சொன்னேன். கச்சிக் ரொட்டியைக் கீழே வைத்தார். "சர்டிபிகேட் வேற வச்சிருக்கே," என்றார். மற்றவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது அதைவிட மோசம்.

வாசலில் அகமது கபீரின் வண்டி நின்றது. ஏறினேன்.

"என்ன நர்ஸம்மா, ஞாயித்துக்கெழமையும் ஊசியா? ஆருக்கு?"

"எனக்குத்தான் அண்ணாச்சி."

"ஒங்களுக்குப் போட ஆளு இருக்கா?"

"இருக்கு. குத்துக்கல்வலசைக்கு விடுங்க."

குழல்வாய்மொழி அண்ணன் வீட்டு மாட்டுத் தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

"யாரு சொல்லி வாரே?"

"தொரசாணி."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும்."

"கபீரு அண்ணாச்சிகிட்ட?"

"இல்ல."

"மொதப் பழி அவருமேலதான விழுந்துச்சு? அவருகிட்டச் சொல்லு. பெறகு வண்டியில ஏறுதேன்."

தெருவில் நின்று அவரிடமும் சொன்னேன். குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்போ நேத்து ரெண்டு நிமிசம் நான் கள்ளனா இருந்திருக்கேன். எனக்கே தெரியல பாருங்க," என்றார். சிரித்தார். ஆனால் பங்களா வரும்வரை என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருடம், துரைசாணியின் கடைசி மூச்சுவரை, குழல்வாய்மொழி அந்தப் பங்களாவில்தான் இருந்தாள். அந்த ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட என்னிடம் இதைச் சொல்லிக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று நாங்கள் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஆற்றுக்குப் போகத் தயாராக இருந்தார்கள். துரைசாணியைப் பிரம்பு நாற்காலியோடு வண்டியில் ஏற்றி, அருவிக்குக் கீழே ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். கச்சிக் ஒரு பக்கமும் கபீர் ஒரு பக்கமும் நாற்காலியைத் தூக்கி இறக்கினார்கள். மாலை போட்ட அய்யப்ப பக்தர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியாரின் கறுப்பு அங்கியைப் பார்த்து ஒருவர் "சாமி சரணம்" என்று கும்பிட்டார். பாதிரியாரும் தலை குனிந்தார்.

குழல்வாய்மொழி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு இறங்கினாள். ஒரு பாறையைக் கையால் தொட்டாள்.

"இங்கனதான்."

பாதிரியார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று ஜெபம் வாசித்தார். ஆறு பேரும் ஒவ்வொருவராகக் குனிந்து தண்ணீரில் கையை நனைத்து முத்தமிட்டார்கள். துரைசாணி எழுந்தார். இடது கையைக் குழல்வாய்மொழி பிடித்தாள், வலது கையை நான் பிடித்தேன். கணுக்கால்வரை இறங்கிக் குனிந்து, ஒரு கை தண்ணீரை எடுத்து வாயில் வைத்தார். அழவில்லை.

"சில்லுனு கீதுடி, கொயலு."

"கார்த்திகத் தண்ணி அப்படித்தான் இருக்கும். போதும், வாங்க. நெஞ்சுல சளி கெட்டும்."

கரையில் நாற்காலியில் உட்காரவைத்தோம். நான் கீழே உட்கார்ந்து துரைசாணியின் கால்களைத் துண்டால் துடைத்தேன், விரல் இடுக்குகள் உட்பட. குழல்வாய்மொழி பக்கத்தில்தான் நின்றாள். அவள் பாதங்களும் ஈரமாகத்தான் இருந்தன. அவற்றையும் துடைத்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.