நைனாவின் இரண்டு அங்குலம்

எங்கள் நைனா குள்ளமாகிக்கொண்டு வருகிறார் என்பதை முதலில் கண்டுபிடித்தது, அவர் சட்டை மாட்டுகிற ஆணிதான்.

"எவடி இந்த ஆணிய மேல ஏத்தி அடிச்சது?" என்று ஒரு காலையில் கத்தினார்.

"ஆணி ஏறல. நீங்கதான் எறங்கிட்டீங்க" என்றாள் அம்மா, தோசையைத் திருப்பியபடி. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் செஞ்சியில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். நைனா தாலுகா ஆபீஸில் சர்வேயருக்கு நிலம் அளக்கும் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்தில் அவர் குனிந்து அளக்காத வரப்பு இல்லை. தான் பிடித்த அளவில் அரை விரல்கூடத் தப்பு வராது என்பதில் அவருக்குப் பெரிய கர்வம். அத்தனை வருஷம் குனிந்ததற்கு முதுகு இப்போது பதில் சொல்லத் தொடங்கியிருந்தது. காலையில் எழுந்தால் அரை மணி நேரம் கட்டைபோல விறைத்து நிற்பார். இடுப்பில் கிளம்பும் வலி இடது கால் வழியாகக் குதிகால்வரை இறங்கும். தொண்டூரில் ஒருவர் கொடுத்த தைலத்தைத் தேய்த்துப் பார்த்தோம். ஒரு வாரம் வீடு நாறியதுதான் மிச்சம்.

கடைசியில் நான்தான் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் என் வயதுக்காரர். நைனாவைச் சுவரோரம் இருந்த அளவுகோலில் நிற்க வைத்து, "அஞ்சடி நாலு" என்றார்.

"இன்னாது? நான் அஞ்சடி ஆறு! வேலைல சேரும்போது எழுதிக்கினாங்க. உங்க கோலு தப்பு."

டாக்டர் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு தன் பழைய டேப்போடு ஆஸ்பத்திரிக்குப் போய், சீட்டுக்காகக் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அந்த அளவுகோலை அளந்தார். "ஆஸ்பத்திரிய இடிச்சிக் கட்டப் போறாங்களா?" என்று என்னிடம் ஒரு அம்மாள் கேட்டாள். கோல் மயிரிழை பிசகவில்லை. நைனா டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "தரை எறங்கியிருக்கும்" என்றார்.

டாக்டர் சொன்னபடி பாண்டிச்சேரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து வந்தோம். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவர் விளக்கினார்.

"ஐயா, முதுகெலும்பு ஒரே எலும்பு இல்ல. சின்னச் சின்ன எலும்பா அடுக்கியிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். வயசாக ஆக அது காஞ்சி சப்பையாயிடும். உயரமும் குறையும். நரம்பை அழுத்தினா கால்ல வலிக்கும்."

நைனாவுக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. "அவ்ளோதானா? மெத்தைய பிரிச்சி, பஞ்சு கொட்டித் தைக்கிறவன் எங்க தெருவுக்கே வரான்."

"இதைத் தைக்க முடியாதுங்க. தலை நரைக்கிற மாதிரிதான் இதுவும். முழுசாப் போகாது. ஆனா சொன்னதைக் கேட்டா நல்லா நடமாடலாம்."

தினமும் நடக்க வேண்டும். வலி என்று படுத்தே கிடக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். எதைத் தூக்கினாலும் இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்க வேண்டும். எழுந்திருக்கும்போது முதலில் ஒருக்களித்து, பிறகு கையை ஊன்றி எழ வேண்டும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலை விட்டுப் பலகையில் படுக்க வேண்டும். கால் மரத்துப் போனாலோ சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ உடனே ஓடிவர வேண்டும். இத்தனையையும் நைனா மனப்பாடம் செய்துகொண்டார்.

அன்று மாலை நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டின் பின்கதவைக் காணவில்லை. கூடத்தில் அதன்மேல் பாய் விரித்து நைனா படுத்திருந்தார்.

"தேக்கு. இந்த வீட்ல இத்தவிட கெட்டியா ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஏன், நான் இல்லியா?" என்றாள் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவில்லாத வழியாகச் செஞ்சிக் கோட்டைக் குரங்கு ஒன்று உள்ளே வந்தது. அம்மா முறத்தில் வறுத்த மல்லாட்டையை ஆற வைத்திருந்தாள். குரங்கு முறத்தை இழுத்துக்கொண்டு, நைனா தூங்கும் கதவின் ஓரத்திலேயே உட்கார்ந்து கடலையை உரிக்க ஆரம்பித்தது.

"இன்னாங்க! கொரங்கு! ஏந்திரிங்க!"

நைனா கண்ணைத் திறந்தார். துள்ளி எழவில்லை. "இரு. மொதல்ல ஒருக்களிக்கணும்" என்று திரும்பினார். இப்போது அவர் முகமும் குரங்கின் முகமும் ஒரு முழத் தூரத்தில். "ரெண்டு முட்டியும் மடக்கணும்…" மடக்கினார். குரங்கு மென்றுகொண்டே கவனித்தது. "இப்ப கைய ஊணணும்…"

அவர் உட்கார்ந்து முடிப்பதற்குள் குரங்கு மல்லாட்டையை முடித்துவிட்டு, மாடத்திலிருந்த எக்ஸ்ரே உறையையும் எடுத்துக்கொண்டு ஓட்டின்மேல் ஏறிவிட்டது. அங்கே படத்தை உருவி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தது, டாக்டர் பார்த்த அதே தோரணையில். தெருவே கூடி நைனாவின் முதுகெலும்பை அண்ணாந்து பார்த்தது. ஒரு சீப்பு வாழைப்பழம் காட்டிய பிறகுதான் படம் கீழே விழுந்தது.

அடுத்த முறை டாக்டர் அதை ஜன்னலில் பிடித்து, "இதென்ன, இங்க நாலு ஓட்டை?" என்று பதறினார்.

"அது என்னுது இல்லீங்க. கொரங்கு பல்லு" என்றார் நைனா.

குரங்கு வந்துபோன மறுநாளே தச்சர் கதவை மாட்டிவிட்டு, நைனா படுக்க மாம்பலகை ஒன்று அறுத்துக் கொடுத்தார். நைனா தினமும் காலையில் கோட்டை அடிவாரம்வரை நடந்தார். சில மாதங்களில் கால்வலி வெகுவாகக் குறைந்தது. முதுகு மட்டும் மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் நாங்கள் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

ஆனால் ஊரில் யார் குனிந்தாலும் அவருக்குப் பொறுக்காது. அவலூர்பேட்டைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களைக்கூட நிறுத்தி வைத்துத் திருத்துவார். மேல்சித்தாமூரில் அவருடைய நண்பரின் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையும் பெண்ணும் பெரியவர்கள் காலில் விழக் குனிந்ததும், "இடுப்ப வளைக்காதீங்க! முட்டிய மடக்குங்க!" என்று அலறினார். இருவரும் பயந்துபோய் அப்படியே குந்தி உட்கார்ந்து கும்பிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த சொந்தக்காரர்களும் அதையே பார்த்து, வரிசையாகக் குந்திக் குந்தி எழுந்தார்கள்.

மாப்பிள்ளையின் மாமா என்னிடம் மெதுவாக, "இது உங்க பக்கத்து மொறைங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.