இரும்புப் படிக்கு ஒரு மனு

கிருஷ்ணம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் என் மேல்தான் கோபம் வருகிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத முடியுமா என்று இரண்டு மூன்று தடவை முயன்றேன். முடியவில்லை. அதுவும் கூடவே வரட்டும்.

டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு தணிக்கை ஆபீஸில் எனக்கு வேலை. 1962ல் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாதியில்லாமல் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த மேஜை ரங்கராஜனுக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பென்டிங்க் தெருப் பக்கம் ஒரு சந்துக்குள் கூட்டிப்போனான். அங்கே கிரெஸ்வெல் மேன்ஷன் என்று ஒரு பழைய மாளிகை. முகப்பில் ஆறு தூண், அவற்றின் தலையில் ஆலஞ்செடி. முன்வாசலில் பளிங்குப் படி உண்டு, ஆனால் அது சணல் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனால் சுவரை ஒட்டி ஒரு சுருள் இரும்புப் படி. துரைமார் காலத்தில், கக்கூஸ் கழுவுகிறவர்கள் யார் கண்ணிலும் படாமல் ஏறி இறங்குவதற்காகப் போட்டது. நாற்பத்தொரு படி. உச்சியில், இரண்டாம் மாடிப் பின்கட்டில், கிருஷ்ணம்மாளின் மெஸ்.

அந்தப் படியில் ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்க முடியாது. அதனால் கைகழுவிவிட்டு வருகிறவர்கள் மேலேயிருந்து "நாம்ச்சி" என்று கத்த வேண்டும். இறங்குகிறேன் என்பதற்கு வங்காளி. தஞ்சாவூர்க்காரன், பாலக்காட்டான், மேதினிபூர் குமாஸ்தா எல்லாரும் அதையேதான் கத்துவார்கள். கீழே நிற்கிறவன் பசியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். கிருஷ்ணம்மாளுக்கும் பொதுப்பெயர்தான், மாஷிமா. சித்தி என்று வங்காளிகள் கூப்பிட்டதை நாங்களும் பிடித்துக்கொண்டோம்.

அவள் கோவில்பட்டிப் பக்கம். புருஷன் பெத்துராஜ் கித்திர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். ஐம்பத்தெட்டில் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஊருக்கு வந்துவிடு என்று அண்ணன் எழுதினாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாள்.

"அங்க போயி மதினிக்கு மாவாட்டணும். அதுக்கு இங்கயே எனக்கு நானே ஆட்டிக்கிடுதேன்."

பின்கட்டில் இரண்டு அறையும் ஒரு வராந்தாவும் தன் பேரில் வாடகைக்குப் பிடித்தாள். ஆட்டுக்கல்லைக் கயிறு கட்டித்தான் மேலே இழுத்தார்களாம். எட்டு பெஞ்சு. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரைக்கும். ஞாயிறு விடுமுறை. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கிற அன்று எங்கள் செக்ஷனில் எவனும் லீவு போடமாட்டான். கல்யாணமாகி லேக் மார்க்கெட்டில் குடித்தனம் வைத்த பிறகும் நான் மத்தியானம் அங்கேதான் சாப்பிட்டேன். இது என் மனைவி கோமதிக்கும் தெரியும். அவள் பள்ளிக்கூட வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்புகிறவள், வருத்தப்பட நேரமில்லை.

எழுபத்தொன்பதில் ஒரு கம்பெனி அந்த மாளிகையை வாங்கியது. முகப்பைப் பழையபடி புதுப்பிப்பது, கீழே கடைகள், மேலே ஆபீஸ்கள், கொல்லையில் பன்னிரண்டு மாடிக்குக் குடியிருப்பு. பத்திரிகையில் படமெல்லாம் வந்தது. படத்தில் மரங்கள் இருந்தன, கார்கள் இருந்தன, குடை பிடித்த பெண்கள் இருந்தார்கள். எச்சில் கை கழுவுகிற ஒரு ஆள் கூட இல்லை. பழைய வாடகைதாரர்களைக் கிளப்பச் சட்டத்தில் இடமில்லை என்பதால் எங்களுக்குத் தைரியம்தான். ஆனால் எண்பது ஜனவரியில் நோட்டீஸ் வந்தது. பின்பக்க இரும்புப் படி அகற்றப்படும் என்று ஒரே வரி.

கிருஷ்ணம்மாள் அதை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சார், நீங்கதான் எழுதணும். சோத்துக்கு வர்ற ஆளுக இதுலதான் ஏறுதாக, இதைப் பிரிச்சா நாங்க எப்படிப் பொழைக்கிறதுன்னு எழுதுங்க."

"எழுதறேன், நீங்க கவலைப்படாதீங்கோ," என்றேன்.

எழுதினேன். மூன்று சாயங்காலம், மின்வெட்டில், அரிக்கேன் வெளிச்சத்தில். எங்கள் ஆபீஸில் இந்த வைத்தியநாதன் டிராஃப்ட் என்றால் மேலதிகாரி ஒரு கமா கூட மாற்றமாட்டார். பதினெட்டு வருஷத்துத் திமிர் எனக்கு. சோறு, பசி, பிழைப்பு என்றெல்லாம் எழுதினால் கம்பெனிக்காரன் சீந்தமாட்டான் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். வார்ப்பிரும்புக் கலை என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். படியில் இருந்த இலைக்கொத்து வேலைப்பாட்டுக்கு ஒரு பத்தி. வருங்காலத் தலைமுறைக்கு ஒரு பத்தி. கக்கூஸ் விஷயத்தை நாசூக்காக விட்டுவிட்டேன். அறுபத்துமூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து கிருஷ்ணம்மாளுடையது, தமிழில். எழுதியிருப்பது என்ன என்று அவள் கேட்கவில்லை. நானும் படித்துச் சொல்லவில்லை.

மனு ஜெயித்தது. கம்பெனி அமர்த்தியிருந்த தாரா என்று ஒரு இளம் கட்டடக்கலை நிபுணர், வங்காளிப் பெண், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து படியைத் தடவித் தடவிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போனாளாம். படி அங்கேயே இருக்கும் என்று கடிதம் வந்தது. அன்றைக்கு எல்லா இலைக்கும் பாயசம். நான் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

எண்பத்தொன்றில் வேலை ஆரம்பித்தது. இரும்புப் படியைச் சாக்குப் போட்டு மூடிவிட்டார்கள். சிமெண்ட் இல்லை என்று நான்கு மாதம், வேலைநிறுத்தம் என்று இரண்டு மாதம், மழை என்று மூன்று மாதம். மெஸ்ஸுக்கு ஆள் வர வழியில்லை. கிருஷ்ணம்மாள் விடவில்லை. கண்டிராக்டர் தன் ஆட்களுக்குப் போட்ட மூங்கில் ஏணிப்படியில் சாப்பாட்டுத் தூக்குகளைத் தானே சுமந்து இறங்கி, சந்து முனையில் பெஞ்சு போட்டுப் பரிமாறினாள். ஐம்பது வயதைத் தாண்டினவள். அறுபது பேர் இருபதாகக் குறைந்தார்கள். நின்றுகொண்டு, புழுதியில், தட்டைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிட்டோம்.

"படி வந்துட்டா சரியாப் போயிரும் சார்," என்பாள். அதையே இரண்டு வருஷம் சொன்னாள்.

எண்பத்து மூன்று டிசம்பரில் சாக்கை எடுத்தார்கள். படி கரும்பச்சை வர்ணத்தில் மின்னியது. அடியில் ஒரு சங்கிலி. பக்கத்தில் பித்தளைப் பலகை. அதில் ஆங்கிலத்தில் என் வாக்கியம், ஒரு கமா கூட மாறாமல். கடைசியில் ஒரு வரி மட்டும் அவர்களுடையது, ஏறக்கூடாது என்று. முன்பு நாங்கள் பெஞ்சு போட்ட சந்து, குடியிருப்புக்குக் கார் வரும் வழியாகிவிட்டது. காவலாளி தட்டைப் பார்த்தாலே விரட்டினான். கிருஷ்ணம்மாள் மட்டும் முன்பக்க லிஃப்டில் போய்வர ஒரு அனுமதி அட்டை கொடுத்தார்கள். வாடகைதாரர் ஒருவர், அட்டை ஒன்று.

நான் தாராவைத் தேடிப் போனேன். சத்தம் போடத்தான் போனேன். அவள் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, பழைய வரைபடம் ஒன்றை மேஜையில் விரித்தாள். கொல்லைச் சுவரை ஒட்டி ஒரு படி வரைந்திருந்தது. நான்கடி அகலம், கைப்பிடி, நடுவில் நின்று மூச்சுவாங்க ஒரு தளம்.

"இது என்ன?" என்றேன்.

"பின்கட்டுக்குக் கான்கிரீட் படி. இரும்புப் படியை எடுத்துட்டு அந்த இடத்தில இதைக் கட்டறதா இருந்தோம். நீங்கதானே எடுக்கக்கூடாதுன்னீங்க. வேற இடம் ஏது?"

ஆபீஸில் ஒரு ஸ்க்ரூ வாங்கின பில்லுக்குக்கூட மூலக் காகிதம் எங்கே என்று கேட்டு, மனுஷர்களின் பிராணனை வாங்குகிறவன் நான். வரைபடத்தைக் காட்டுங்கள் என்று இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அதுல தினம் அறுபது பேர் சாப்பிட ஏறினாங்கம்மா," என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அதை ஏன் எழுதலை? அறுபத்துமூணு பேரும் பழமையில ஆசை உள்ளவங்கன்னு நினைச்சேன். உங்க மனுவைக் காட்டித்தான் கம்பெனிகூட சண்டை போட்டேன். நூறு வருஷ இரும்பு, பாரம் தாங்காதுன்னு இஞ்சினியர் எழுதிக் கொடுத்திருக்கார். இப்ப நான் சொன்னா எடுபடாது."

அவள் மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. திரும்பி வந்து இரண்டாவது மனு எழுதினேன். இதில் சோறு இருந்தது, அறுபது பேர் இருந்தார்கள், ஒரு விதவையின் இருபத்தைந்து வருஷ உழைப்பு இருந்தது. அழகாக எழுதவில்லை. மூன்றாவது வாரம் பதில். குறிப்பிட்ட படிக்கட்டு தங்கள் முந்தைய மனுவின்படியே பாதுகாக்கப்பட்டுள்ளது, அதன் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

எண்பத்து நான்கு ஏப்ரலில் கிருஷ்ணம்மாள் மெஸ்ஸை மூடினாள். லேக் மார்க்கெட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த வேதாச்சலம், சமையல்கட்டில் மாவுக்கும் குழம்புக்கும் ஆள் வேண்டும் என்றார். கடைக்குப் பின்னாலேயே படுக்க இடம். காலி பண்ணுகிற அன்று நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். என்ன செய்யப் போனேன் என்று கேட்டால் தெரியாது.

சாமான்களை லிஃப்டில் ஏற்றக்கூடாது, உள்ளே தேக்குப் பலகை கீறிவிடும் என்றார் கம்பெனி மானேஜர். பளிங்குப் படியும் கூடாதாம். காவலாளியைக் கூப்பிட்டு, இன்று ஒருநாள் பின்பக்கச் சங்கிலியைக் கழற்று என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் கீழே நின்றேன். எட்டு பெஞ்சும் ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி இறங்கின. அண்டாக்கள் இறங்கின. கடைசியில் ஆட்டுக்கல். இரண்டு கூலியாட்கள் மூங்கிலில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, மேலேயிருந்து "நாம்ச்சி" என்று கத்தினார்கள். நான் பழக்கத்தில் ஒதுங்கி நின்றேன். நாற்பத்தொரு படியும் அந்தக் கல்லைத் தாங்கின. ஒரு சத்தம் இல்லை.

கிருஷ்ணம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். காவலாளி சங்கிலியை மாட்டினான். அவள் பித்தளைப் பலகைக்கு முன்னால் நின்றாள்.

"இது நீங்க எழுதுனதுதானாமே. தமிழ்ல சொல்லுங்க சார், கேப்போம்."

நான் சொன்னேன். "இந்த நகரத்து வார்ப்பிரும்புக் கலையின் நேர்த்திக்குச் சாட்சியாக நிற்கும் இந்தப் படிக்கட்டு, வருங்காலத் தலைமுறைகள் கண்டு மகிழ வேண்டியது."

அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "நான் சொன்னது இதுல எங்க சார் இருக்கு?"