வால்தம்ஸ்டோவுக்கு ஒரு பாட்டு

இரண்டாயிரம் பிறந்த முதல் சில வருடங்களில் இதயம் உடைவது லண்டனில் மலிந்து கிடந்தது. எந்த வானொலியைத் திருப்பினாலும் ஒரு ஸ்பானிய ஃபிளமெங்கோக் கிட்டார், நாலு கைதட்டு, தொண்டை கரகரத்த ஒருத்தன். அவள் போய்விட்டாளாம்; இவன் ஆயுளுக்கும் காத்திருப்பானாம். நிலவு வரும், கத்தி வரும், மணல் வரும், குருதி வரும். காத்திருக்கிறவன் சாப்பிட்டானா, சட்டை தோய்த்தானா என்று ஒரு வரி வராது.

அப்படி ஒருத்தன் எனக்கு நண்பனாகவும் வாய்த்தான். பிரான்சின் தெற்கில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய காலத்தில் கிட்டார் பழகி, பிறகு லண்டனுக்கு வந்து தெற்கே மிட்சம் பகுதியில் பலசரக்குக் கடை போட்டவன். மனைவி கோபித்துக்கொண்டு லண்டனின் மறுகோடியில், வால்தம்ஸ்டோவில் இருந்த தன் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நல்ல வேளையாகத் தமக்கைக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருக்கிறாள் என்று இவன் ஊராருக்குச் சொன்னான். அவளும் அப்படியே சொன்னாள். தலை குனியாமல் திரும்பி வருவதற்கு அவள் சாத்தாமல் விட்டிருந்த கதவு அது.

இவனுக்கோ பாட்டு வேண்டியிருந்தது.

"மச்சான், நீ எழுது, நான் பாடுறன். ரேடியோவில போட்டால் அவள் கேப்பாள். குசினியில நாள் முழுக்க அதுதானே ஓடுது."

"அவள் மட்டுமோ கேப்பாள்?"

"காதலுக்கு என்ன வெக்கம்?"

கேட்டபடியே எழுதிக் கொடுத்தேன். பாட்டில் வெறுங்காலோடு பாலைவனங்கள் கடந்தான். கண்ணீரில் ஆறுகளை நிரப்பினான். தமிழ் வானொலியின் நேயர் விருப்ப நேரத்தில், இருவர் பெயரும் இடமும் சொல்லி, 'என்னை விட்டுப் பிரிந்த என் உயிருக்கு' என்று ஒரு காலை ஒலிபரப்பாயிற்று. மேற்கே சவுத்தால் வரைக்கும் எத்தனை குசினிகளில் கறி அடிப்பிடித்ததோ. பின்னேரம் பால் வாங்க வந்த பெண்கள் இவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். இவன் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறையைக்கூட ஒரு கலைஞனின் சோகத்தோடு கொடுத்தான்.

பிறகு கடைத் தொலைபேசி அடித்தது. அவள்தான். பாராட்டை நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

"காலமையிலேருந்து ஆக்கள் போன் எடுத்துத் துக்கம் விசாரிக்கினம். அக்கான்ர மாமியும் ஒரு மாதிரிப் பாக்கிறா. இனி நான் பிள்ளைப்பேறு பாத்திட்டு வாறன் எண்டு என்னெண்டு அங்க வாறது?" குரல் உயரவில்லை. "பாலைவனம் கடந்தனீங்களோ? நான் இங்க வந்து ரெண்டு மாசம். விக்டோரியா லைன் ரெயின் ஓடினதுதானே. ஒருக்கா ஏறினீங்களோ?"

"கடை..." என்றான்.

வைத்துவிட்டாள்.

"போ, கடையை நான் பாக்கிறன்" என்றேன். கோட்டைப் போட்டான். கதவடி வரை போனான். பாண் ரொட்டி அடுக்கை ஒருமுறை நேராக்கினான். திரும்பி வந்தான். செத்த பிறகும் காதலிப்பேன் என்று காலையில் லண்டன் முழுக்க அறிவித்த வாய்.

"போய் என்னத்தை மச்சான் கதைக்கிறது? ரெண்டு வரி எழுதித் தாவன்."