கண்ணை மூடி நீந்தியவன்

காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த அந்த மாணவனை ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். யுத்த காலத்தில், பள்ளிக்கூடங்களுக்கிடையே ஏரியில் வைத்த நீச்சல் போட்டி அது. ஒல்லி உடம்பு, முட்டியெல்லாம் கிணற்றுக் கல்லில் உரசிய தழும்பு. தண்ணீரில் விழுந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூடியபடியே எங்களையெல்லாம் விட்டு வெகுதூரம் முன்னே போய்விட்டான்.

கரை நெருங்கும்போது திடீரென்று முங்கினான். மேலே வந்து, மூச்சு வாங்கி, அதே இடத்தில் மறுபடியும் முங்கினான். அவனைத் தாண்டிப்போய் நான் ஜெயித்தேன். கடைசியாகக் கரையேறியவனைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னாச்சுங்க?" என்று கேட்டேன்.

"கண்ணு தொறந்துகிச்சுங்க. எங்கூருப் பக்கம் கிணத்துல யாராச்சும் வுழுந்து செத்துட்டா, பள்ளிக்கூடத்துக்கே ஆளு வந்து என்னையத்தான் கூட்டிக்கிட்டுப் போவாங்க. பொணத்த எடுத்துக் குடுக்கணும். அதுலருந்து தண்ணிக்குள்ள கண்ணத் தொறந்தா கை தானா தேட ஆரம்பிச்சுடுது."

"அப்புறம் போட்டிக்கு ஏங்க வந்தீங்க?"

"நீந்தறதுன்னா எனக்கு உசுருங்க. இது ஏரிதானே, இங்க தேடறதுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவன் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே இடத்தில் இரண்டாம் முறை ஏன் முங்கினான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.