திரையில ஓடின செத்தவீடு

கொம்பியூட்டர் திரையில ஓடுற வீடியோவைப் பதிஞ்சு குடுக்கிறது ஒரு தொழிலெண்டு சொன்னா என்ர மனிசியே நம்பமாட்டா. ஆனா சண்டை முடிஞ்சு சனம் ஊருக்குத் திரும்பின வருசங்களில, பள்ளிமுனை றோட்டில சனம் ஃபோன் பேசவும் பிரிண்ட் எடுக்கவும் வாற கொமினிக்கேசன் கடை வச்சிருந்த எனக்கு அதுதான் சோறு போட்டது. வெளிநாட்டில நடக்கிற கலியாணம், செத்தவீடு எல்லாத்தையும் இன்ரநெற்றில காட்டுவினம். இஞ்ச சனத்திட்ட இருக்கிறது ஒரு ரீவியும் ஒரு டிவிடி பெட்டியும். நடுவில நான். இலவசமாக் கிடைக்கிற ஒரு மென்பொருளைப் போட்டு, திரையில ஓடுறதை அப்பிடியே பிடிச்சு டிவிடியில அடிச்சுக் குடுப்பன். இதே வேலையில மாரடிச்ச ஆக்கள் ஆராவது இதை வாசிச்சா, நான் ஏன் பெருமூச்சு விடுறன் எண்டு விளங்கும்.

சனிக்கிழமை வரைக்கும்தான்

செல்வராணி வந்தது ஒரு வியாழக்கிழமை காலமை. முருங்கன் பக்கத்து வயற்கிராமம். தமிழ்நாட்டு அகதி முகாமில இருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில இருக்கிற குடும்பம். அவவின்ர ஒரே தம்பி ரவி சுவிசில மாரடைப்பு வந்து செத்துப்போனான். சண்டைக்காலத்தில இவ படகேறி இராமேஸ்வரம் போக, அவன் கொழும்பால வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவன். அதுக்குப் பிறகு ரெண்டுபேரும் முகத்துக்கு முகம் காணேல்ல.

செத்தவீட்டை இன்ரநெற்றில காட்டினவையாம். இவவின்ர ஊரில ஃபோன் பேசுறதுக்கே சிக்னல் தேடி மரத்தடிக்குப் போகவேணும், வீடியோ எங்க பாக்கிறது? ரவியின்ர கூட்டாளி ஒருத்தர் அந்த லிங்கை என்ர கடை ஈமெயிலுக்கு அனுப்பியிருந்தார். சனிக்கிழமை பின்னேரத்தோட அதை எடுத்துப்போடுவினம் எண்டும் எழுதியிருந்தார். அதுக்குள்ள பதியாட்டி இல்லைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வாற சொந்தக்காரருக்குப் போட்டுக் காட்டவோ எண்டு கேட்டன். செல்வராணி சொன்ன காரணம் வேற.

"நான் அவனைப் பாத்து அழவேணும், அண்ணை. செத்ததெண்டு கேள்விப்பட்ட நாளில இருந்து எனக்கு இன்னும் அழுகை வரேல்ல."

பாக்கிற நேரமும் பதியிற நேரமும்

ஐயோ, இதை நான் எத்தினை பேருக்கு விளங்கப்படுத்தியிருப்பன்! ரெண்டு மணித்தியால வீடியோவைத் திரையில இருந்து பிடிக்க ரெண்டு மணித்தியாலம் வேணும். அது ஓடி முடியுமட்டும் மவுசில கை வைக்கக் கூடாது. வேற ஏதாவது திறந்தா அதுவும் சேந்து பதிஞ்சுபோகும். அவ்வளவு நேரமும் கடை பூட்டின கணக்குத்தான்.

செல்வராணி பஸ்ஸுக்கு நேரமாச்செண்டு போனா. "நாளைக்கு வாங்கோ, தங்கச்சி" எண்டு அனுப்பிப்போட்டு மத்தியானம் ஓடவிட்டன். பக்கத்து ஓட்டோக்கார ஜெராட், ஏதோ படிவம் பிரிண்ட் எடுக்கவேணுமெண்டு வந்து, திரையைப் பாத்தபடி கதிரையில குந்தியிருந்தான். பொறடா எண்டன். பொறுத்தான். முக்கால்வாசி ஓடியிருக்கும், டப்பெண்டு கரண்ட் போச்சுது. யூபிஎஸ் பெட்டி ஒருக்காக் கீச்செண்டு கத்திப்போட்டு அதுவும் படுத்திட்டுது. பதிஞ்சதெல்லாம் பாழ். தலையில கை வச்சுக்கொண்டு இருந்த எனக்கு ஜெராட் ஆறுதல் சொன்னான்:

"கொப்பி அடிக்கிறதெண்டா கெதியா அடிச்சுப்போட்டு எழும்புங்கோவன், அண்ணை. நீங்கள் ஏன் முன்னால இருந்து அந்தச் சனத்தோட சேந்து செத்தவீடு கொண்டாடுறீங்கள்?"

மாப்பிள்ளையின்ர மூக்கு

வெள்ளிக்கிழமை காலமையும் கரண்ட் வரேல்ல. நான் சுவிச்சைப் போட்டுப் போட்டுப் பாக்கிறன். அந்த நேரம் பாத்துத் தோட்டவெளிச் சின்னத்துரை ஐயா வந்திறங்கினார். அவரின்ர பேத்திக்குக் கனடாவில கலியாணம். போன கிழமை நான்தான் அதைப் பதிஞ்சு குடுத்தனான். குடுத்த டிவிடியை மேசையில பொத்தெண்டு வச்சார்.

பிழை என்னிலதான். மவுசின்ர அம்புக்குறியை ஓரத்துக்குத் தள்ளாமல் ஓடவிட்டிட்டன். அந்த மென்பொருள் அம்புக்குறியையும் சேத்துத்தான் பிடிக்கும். மணவறையில மாப்பிள்ளை இருந்த இருப்பு, அம்புக்குறி சரியா அவரின்ர மூக்கில. தாலி கட்டுமட்டும் மனிசன் அசையவும் இல்லை. ஐயாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல்.

"பேத்தியின்ர கலியாணத்தை எங்க நான் பாத்தன்? மாப்பிள்ளையின்ர மூக்கில ஒரு ஈ. சால்வையால ரீவியை அடிச்சு அடிச்சு என்ர தோள்மூட்டு நொந்ததுதான் மிச்சம்!"

ஒருத்தரும் அழேல்ல

மத்தியானம் செல்வராணி வந்து கனநேரம் வாசலில இருந்தா. கரண்ட் வந்தவுடன அம்புக்குறியைக் கவனமா மூலைக்குத் தள்ளி, ஸ்பீக்கரைக் கூட்டி, முதலில இருந்து தொடங்கினன்.

திரையில ஒரு பெரிய மண்டபம். நடுவில பெட்டி, சுத்திவரப் பூ. கறுப்புக் கோட்டுப் போட்ட சனம் கையைக் கட்டிக்கொண்டு வரிசையா நிக்குது. ஐயரின்ர மந்திரத்தைத் தவிர ஒரு சத்தமில்லை. ரவியின்ர முகத்தைக் கிட்டக் காட்டினதுதான், செல்வராணி கதிரையை விட்டு எழும்பி நிலத்தில இருந்திட்டா. பிறகு தொடங்கினா பாருங்கோ. "என்ர ராசா, இடுப்பில வச்சுத் திரிஞ்சனே, கடைசி வாய்க்கரிசிக்கு நான் இல்லையே" எண்டு நெஞ்சில அடிச்சு அடிச்சு ஒப்பாரி. றோட்டில போனவையும் எட்டிப் பாக்கினம். அந்த நேரம் பாத்துப் ஓட்டோவில பாணும் பணிசும் விக்கிற பாண்காரனும் ஸ்பீக்கரில பாட்டைப் போட்டுக்கொண்டு வாறான். நான் வாசலில போய் நிண்டிட்டன். எனக்கும் ஒரு அண்ணன் இருந்தவர். உள்ளுக்க நிக்கேலாமல் இருந்தது.

ரெண்டு மணித்தியாலமும் முடிஞ்சு, முகம் கழுவத் தண்ணி குடுத்தன். வாங்கிக்கொண்டு கேட்டா:

"இவ்வளவு சனம் நிக்குது, ஒருத்தர் வாய்விட்டு அழேல்லையே, அண்ணை. என்ர பிள்ளையை இப்பிடிச் சும்மாவோ அனுப்பினவை?"

ரெண்டு டிவிடி

அவ போனாப் பிறகு பதிஞ்சதைப் போட்டுப் பாத்தன். சத்தம் பிழைச்சுக் கிடக்குது. முதல் நாள் கரண்ட் போய்க் கொம்பியூட்டர் நிண்டதில, நான் சரிப்படுத்தி வச்சதையெல்லாம் மென்பொருள் மறந்துபோச்சுது. வீடியோவின்ர சத்தத்தைக் கொம்பியூட்டருக்குள்ள இருந்து நேர எடுக்காமல், திரைக்கு மேல கொழுவியிருந்த மைக்கால எடுத்திருக்குது. ஐயரின்ர மந்திரம் கிணத்துக்குள்ள கேக்கிற மாதிரி. செல்வராணியின்ர ஒப்பாரி மண்டபம் முழுக்க. இடையில பாண்காரன்.

மென்பொருளை இலவசமாத் தாறவனை என்னெண்டு ஏசுறது? சனிக்கிழமை விடியக் கடையைத் திறந்து, எல்லாத்தையும் ரெண்டுதரம் பாத்துச் சரிப்படுத்தி, லிங்கை எடுக்க முதல் இன்னொருக்காப் பதிஞ்சன். இந்தமுறை ஒரு குறையில்லை. மந்திரத்தில ஒவ்வொரு சொல்லும் விளங்குது.

செல்வராணி வந்ததும் நடந்ததைச் சொன்னன். வாயால சொல்ல அவவுக்கு விளங்கேல்ல. பழசில கொஞ்சத்தைப் போட்டுக் காட்டினன். பெட்டியைத் தூக்குற இடம். கறுப்புக் கோட்டுக்காரர் தலையைக் குனிஞ்சு நிக்கினம். மேல இவவின்ர குரல், "என்ர ராசா, என்ர ராசா" எண்டு. பிறகு திறமானதைப் போட்டன். பெட்டி போகுது, ஒரு சத்தமில்லை.

"இதுதான் திறம், தங்கச்சி, மற்றதை நான் அழிச்சுப்போடுறன்" எண்டு மவுசைத் தொட்டன். எட்டி என்ர கையைப் பிடிச்சா. பாண்காரன்ர பாட்டையாவது வெட்டித் தாறன் எண்டன். அதுக்கும் விடேல்ல.

"ஒண்டையும் வெட்டாதேங்கோ, அண்ணை. நீங்கள் திறமெண்டு சொல்லுறதில அவன் ஆருமில்லாத பிள்ளை மாதிரிப் போறான். மற்றதில நான் அங்க நிக்கிறன்."

ஆக, இந்தத் தொழிலில நான் ஒரு பிழையுமில்லாமல் செய்த ஒரேயொரு பதிவை ஆரும் வாங்கேல்ல. பிழைச்சுப்போனது முருங்கன் பக்கத்து அந்தியேட்டி வீட்டில, ஊர்ச்சனம் முழுக்க இருந்து அழ அழ, பாண்காரனோட சேந்து ஓடிச்சுதாம்.