தாலமியின் கழுகு

நவநீதகிருஷ்ணன் எங்கள் பட்டாசு ஆலையின் போர்மேன். ஆமத்தூர்க்காரர். பழைய கிரேக்க வெண்கலக் காசுகள் என்றால் அவருக்கு உயிர். அலெக்சாந்தருக்குப் பின் வந்த ராஜாக்களைப் பங்காளிகளைத் திட்டுவதுபோலத் திட்டுவார். எகிப்தை ஆண்ட தாலமிகள் மேல்தான் கோபம் அதிகம்.

“அப்பன், மகன், பேரன் எல்லாவனும் தாலமிங்கிற ஒரே பேருல காசு அடிச்சிருக்கான். மனுசன் எப்படிய்யா கண்டுபிடிக்க?” என்று கணக்கெழுதும் என்னிடம் வந்து புலம்புவார். காசில் நிற்கும் கழுகின் கால்களுக்கு நடுவே சில சமயம் பொடியாக ஓர் எழுத்து இருக்குமாம். எந்தத் தாலமி என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியுமாம்.

அந்த எழுத்து சாய்வெயிலில்தான் தெரியும். போன சீசனில் ஒருநாள் காலை, மதுரைக் கண்காட்சியில் வாங்கிய ஒரு காசை ஆலை வாசலில் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். சங்கு ஊதியது. காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். செல்போன், சாவி, சில்லறை எதையும் எங்கள் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். காவலாளி வெள்ளைத்துரை எல்லோரையும் சோதிப்பார், போர்மேனைத் தவிர. மரியாதையாம்! இந்த மாதிரி மரியாதையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெடிமருந்து சலிக்கும் அறையில் ஒவ்வொரு சல்லடையாகக் குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தவர், பையைத் தொட்டார். காசு இல்லை.

ஆபத்து மணியை அடித்தார். பெண்கள் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். விஷயத்தைச் சொன்னார்.

“வெண்கலந்தான, பொறி பறக்காதுல்லா?” என்றேன்.

“அதுல ஒட்டியிருக்க மண்ணு உரசுனா போதும்யா” என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அதுவரை உள்ளே சலித்துக்கொண்டிருந்த பொன்மணியைப் பார்ப்பதும் அறையைப் பார்ப்பதுமாக நின்றார்.

அப்போது வெள்ளைத்துரை வந்தார். “என்னய்யா, எல்லாரும் வெளிய நிக்காக?”

“ஒரு காசக் காணும்.”

“காசா? செருப்பு கழத்துற எடத்துல ஒண்ணு கெடந்துச்சே. முனியசாமி உண்டியல்ல போட்டுட்டேன்.”

வாசலில் எது கிடந்தாலும் அது முனியசாமிக்கு. எங்கள் ஆலையில் அதுதான் வழக்கம். ஆனால் அது வேறு யாருடைய ஒற்றை ரூபாயாகவும் இருக்கலாமே. நவநீதகிருஷ்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அதுல என்ன இருந்துச்சு? நெனச்சுச் சொல்லு.”

“ரெண்டு பக்கமும் நடுவுல சின்னக் குழி. ஒரு பக்கம் பருந்து.”

“மறுபக்கம்?”

“தாடிக்காரரு. காதுகிட்ட கெடாக்கொம்பு இருந்துச்சு. கெடா நம்ம முனியசாமிக்குத்தான வெட்டுதோம்? அவருக்கு உள்ளதுன்னு போட்டேன்.”

“கொம்பு வச்ச ஆமோன் சாமி… நடுக்குழி… தாலமி காசேதான்!” என்று அப்படியே தரையில் உட்கார்ந்தார் போர்மேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவருக்கு. அப்பாடா என்றிருந்தது எனக்கு. மரத்தடியில் பொன்மணிதான் முதலில் சிரித்தாள்.

உண்டியலைத் திறக்கட்டுமா என்று முதலாளி கேட்டார். “வேண்டாம் மொதலாளி, அங்கனயே இருக்கட்டும்” என்றுவிட்டார். எந்தத் தாலமி என்பது இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை வெள்ளைத்துரை வழக்கம்போல வணக்கம் வைத்து வழிவிட்டார். போர்மேன் நகரவில்லை. வரிசையில் முதல் ஆளாக நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்.

“சோதிச்சுப் பாருய்யா.”

வெள்ளைத்துரை தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். சட்டையில் பையே இல்லை. பிரித்த தையலின் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.