துரியோதனன் தொடை மண்

போளூர் பஸ் ஆரணிக்கு வெளியே நிற்கிறது. பாரதத் திருவிழாக் கூட்டம் ரோட்டை அடைத்துவிட்டது. மைதானத்தில் களிமண் துரியோதனன் பனைமர நீளத்துக்குப் படுத்திருக்கிறான். பஸ் கிளம்பிவிடுமோ என்று உதறல்தான், ஆனாலும் இறங்கிப் பார்க்கிறேன்.

பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் தவிக்கிறாள். "அண்ணா, பீமன் தொடையை ஒடச்சதும் ஜனம் மண்ணு அள்ள ஓடும். நாளைக்குப் புதுத் தறி போட்றோம், அந்த மண்ணு வீட்ல இருந்தாதான் தொழில் விருத்தி ஆவும். ஒரு பிடி எடுத்தாந்து குடுங்க."

"என்னை மிதிச்சிட்டா?"

"நடுங்கிகினே போங்க, பரவால்ல!"

பீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் ஓங்கி அடிக்கிறார். தொடைக்குள் வைத்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் பீறிடுகிறது. கூட்டம் பாய்கிறது, நானும் பாய்கிறேன். ஈர மண்ணோடு திரும்பினால் அவள் முந்தானையை விரித்துச் சிரிக்கிறாள்.

"பஸ்ஸு ஹாரன் அடிக்குது, ஜல்தி ஓடுங்க!"

போகட்டும். என் வீட்டுக்கும் ஒரு பிடி வேண்டாமா? மறுபடி கூட்டத்துக்குள் நுழைகிறேன்.